கெளுத்தி முள் என்று நினைத்தது

சாளைக்குஞ்சே,

அப்பாவின் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. யூரிக் ஆசிட் ஆறுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஐந்து புள்ளி எட்டு. ஆறுக்குக் கீழே மட்டும் வரட்டும், ஒரு நாள் லீவு போட்டு வந்து உங்கள் இரண்டு பேரையும் புஜைரா கடற்கரையில் நடக்க வைக்கிறேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, அந்த எண்தான். லில்லி சிஸ்டர் டூட்டி முடிந்து வந்து, போனில் பார்த்து, எனக்கு வாசித்துக் காட்டினாள். "அக்கா, ஜெயிச்சாச்சு" என்றாள். நான் சரி என்றேன். பிறகு போய் அவள் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. மாவு கையில் ஒட்டாமல் வரும்வரை பிசைந்தேன். வேறு ஒன்றும் எனக்குள் நடக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை உனக்கு எழுதச் சொன்னது லில்லி சிஸ்டர்தான். நான் வேலை செய்கிற வீட்டுக்காரி, நர்ஸ், நம் ஊர்க் கரைக்காரி, உனக்குத் தெரியும். ஆனால் இதை நம் சர்ச்சின் கோயில் மலரில் போட்டால் லாஞ்சில் மீன் பிடிக்கிறவர்கள் நாலு பேர் படிப்பார்கள் என்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்பு படித்த கை இது. மெதுவாகத்தான் போகும்.

நீ பிறந்தபோது சாளை மீன்போல ஒல்லியாக, எண்ணெய் தேய்த்தால் பளபளவென்று, கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவாய். அப்பாதான் உன்னைச் சாளைக்குஞ்சு என்று கூப்பிட்டார். அப்புறம் வீட்டைக் கடல் எடுத்தது. அப்பா புஜைராவுக்கு லாஞ்சுக்கு வந்தார். பின்னால் நான் லில்லி வீட்டுக்கு வந்தேன். நீ ஐ.டி.ஐ. முடித்து துபாய் அல் கூஸில் ஏசி வேலைக்கு வந்தாய். ஒரே நாட்டில் மூன்று பேரும் மூன்று கூரைக்குக் கீழே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் பிடித்து மலையைத் தாண்டி வருவாய். லில்லி வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறபோது அதுதான் நம் வீடு.

அப்பாவின் கால் முதலில் வீங்கியது அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தான். காலையில் எழுந்தால் வலது காலின் பெருவிரல் சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. முந்தின நாள் வலையிலிருந்து மீன் பிரித்திருக்கிறார். வெறுங்காலோடு நின்றிருக்கிறார். கெளுத்தி குத்திவிட்டது, முள் உள்ளே ஒடிந்து கிடக்கிறது என்று அவரே முடிவு செய்தார். அவரோடு ரூமில் இருக்கிற ராமநாதபுரத்துச் செல்வம் ஊசியை நெருப்பில் காட்டி விரலைத் தோண்டிப் பார்த்தான். முள் இல்லை. ரத்தம்தான் வந்தது. கடல்காரர்கள் செய்கிறதுபோல வெந்நீரில் காலை முக்கி வைத்தார்கள். வலி இன்னும் கூடியது. ஒரு வாரத்தில் தானாக வற்றியது. "முள்ளு கரைஞ்சிட்டு" என்றார். சில மாதம் கழித்து அதே விரல் மறுபடியும் வீங்கியது. "பழைய முள்ளு நகருது" என்றார். கடலில் கிடக்கிறவர்கள் காலில் எது வந்தாலும் மீனைத்தான் குற்றம் சொல்வார்கள். முள் என்றால் பெருமை. நோய் என்றால் வெட்கம்.

இரண்டாம் தடவை நீ வந்து அந்த விரலைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"அப்பா, கெளுத்தி குத்தினா ஒரு தடவ குத்தும். திரும்பத் திரும்ப இதே வெரல தேடி வந்து குத்துமா? அதுக்கு உங்க மேல என்ன கோவம்?"

"லே, கடல்ல முப்பது வருசம் கெடந்தவனுக்கு முள்ளு தெரியாதா? நீ போய் ஒன் ஏசியப் பாரு."

"ஏசி ஓடாம நின்னா நாங்க ஊசியப் போட்டுத் தோண்ட மாட்டோம்பா. என்ன கேடுன்னு பாப்போம்."

நீ அவரை இழுத்துக்கொண்டு போனாய். எக்ஸ்ரே எடுத்தார்கள், முள் இல்லை. மீன்முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அப்பா அப்போதும் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் ஒன்பதைத் தாண்டி இருந்தது. டாக்டர் எகிப்துக்காரர், நல்ல மனிதர். லில்லி கூட நின்று தமிழில் சொன்னாள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். "மீன்" என்றார் அப்பா. மீனைத் தவிர? "மீன் கொழம்பு." டாக்டர் சிரித்துவிட்டு வேறு என்ன என்று கேட்டார். லாஞ்சில் சாளை, நெத்திலி, றால். ரூமில் வெள்ளிக்கிழமை ஆட்டு ஈரலும் பீரும். வெயிலுக்குத் தண்ணீருக்குப் பதில் பெரிய பாட்டில் கோலா. எல்லாவற்றுக்கும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னதை நீ எனக்குப் பிறகு நிதானமாகச் சொன்னாய். உடம்பில் சேருகிற ஒரு கழிவு, சிறுநீரில் போக வேண்டியது, போகாமல் ரத்தத்தில் தங்கி, உப்புப்போலப் படிந்து மூட்டில் உட்கார்ந்துகொள்கிறது, அதற்குப் பெயர் கவுட். சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை. சிலர் உடம்பே அதைச் சரியாக வெளியே தள்ளாது, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டு நீ சிரித்தாய். "எனக்கு வாரப்ப பாத்துக்குவோம்மா" என்றாய். நாற்பது வயதில் உனக்குச் சொல்வதற்கு என்று அந்தப் புத்தியை எடுத்து வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது.

இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று வலி வந்தால் அடக்குகிறது. இன்னொன்று, அலோபுரினால், வலிக்கு இல்லை. யூரிக் ஆசிட்டைக் குறைக்கிறது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் போட வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து டாக்டர் கூட்டுவார். உடம்பில் தடிப்போ சொறியோ வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே போய்க் காட்ட வேண்டும். கடையில் கிடைக்கிற வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் கிட்னி கெட்டுப்போகும். இதெல்லாம் அப்பாவுக்கு ஒரு காதில் போய் மறு காதில் வந்தது. மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் அதே விரல் மறுபடியும் வீங்கியபோதுதான் அவர் பேசினார். "பாத்தியா, மாத்திரை போட்ட பெறகுதான் வந்திருக்கு. இதுதான் வெசம்." அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார். இந்த நோய் வந்த பாதிப்பேர் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்களாம்.

நீ அந்த ஞாயிறு வந்து அட்டையைப் பொறுக்கி எடுத்தாய். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

"அப்பா, நாங்க பழைய குழாய் கழுவுவோம். உள்ள பூரா உப்பு கல்லு மாதிரி பிடிச்சிருக்கும். மருந்து விட்டா மொதல்ல தண்ணி கலங்கித்தான் வரும். பாக்கவே சகிக்காது. ஓனர் வந்து, டேய், நல்லா இருந்த குழாயக் கெடுத்துட்டியேன்னு சத்தம் போடுவான். அதுக்காகப் பாதியில நிறுத்துவோமா? கலங்குதுன்னா எளகுதுன்னு அர்த்தம்."

"அப்ப என் காலு குழாயா?"

"குழாயே தேவல. அது வாயத் தெறக்காது."

அப்பா சிரித்தார். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாளை கிடையாது, நெத்திலி கிடையாது, ஈரல் கிடையாது என்று நீ சட்டம் போட்டாய். வஞ்சிரம் கொஞ்சம் சாப்பிடலாம், முட்டை, பருப்பு, லபன் மோர் சாப்பிடலாம். பீர் வேண்டாம், கோலா வேண்டாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். லாஞ்சில் அவருக்கென்று தனி கேன் வாங்கிக் கொடுத்தாய். "சாளைக்குஞ்சு வந்து சாளைய நிறுத்திட்டு, கேளுங்கலே" என்று அவர் ரூம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ அவருக்கு ஒரு ஷூவும் வாங்கினாய். வீங்கின விரலுக்கு அது ஏறவில்லை. ஏறும்போது போடுங்கள் என்று கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாய்.

அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. காலையில் சைட்டுக்குப் போகிற வழியில் உங்கள் வேனை லாரி இடித்தது. கூட வந்தவர்களுக்குக் கை கால் போயிற்று. உனக்கு மட்டும் உயிரே போயிற்று. வெளியே பெரிய காயம் ஒன்றும் இல்லை. முகம் தூங்குகிறதுபோலத்தான் இருந்தது. நான் அழவில்லை. இன்றுவரை சரியாக அழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புவதற்கு எல்லாம் பேசினார்கள். அப்பாதான் வேண்டாம் என்றார். "ஊர்ல யாரு இருக்கா? வீடு கடலுக்குள்ள. அவன அனுப்பிட்டு நாம ரெண்டு பேரும் இங்க இருந்து என்ன செய்ய? இங்கயே வைப்போம். ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்." நான் தலையை ஆட்டினேன். ஊரிலிருந்து என் அக்கா போனில், "பெத்த பிள்ளைய மணல்ல போட்டுட்டு அங்க இன்னும் என்னத்தடீ சம்பாதிக்கப் போறிய?" என்று கேட்டாள். நான் போனைக் கீழே வைத்தேன். கோபம் வரவில்லை. அவள் கேட்டது சரியாகவும் இருந்தது.

துபாய்ப் பக்கத்தில் உள்ள நம்மவர்கள் கல்லறையில் உன்னை வைத்தோம். அப்பா அந்த நாட்களில் சோறு தொடவில்லை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. மாத்திரையும் இல்லை. பட்டினி கிடந்தாலும் தண்ணீர் வற்றினாலும் இந்த நோய் வெறிகொண்டு வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். வந்தது. அடக்கம் பண்ணுகிற அன்று காலை விரல் மட்டும் இல்லை, பாதம் முழுக்க, கணுக்கால்வரை ஏறிவிட்டது. ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்காலாக வந்தார். சூடு மணல். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள், உட்கார மாட்டேன் என்றார். உன் பெட்டியைத் தூக்க அவரால் முடியவில்லை. செல்வமும் உன் ரூம் பையன்களும் தூக்கினார்கள். பிள்ளை போன துக்கத்தில் மனுஷனுக்குக் கால் விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் தெரியும், அது கால் வலி. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று உனக்கு மண் போட்டார். அப்போதும் நான் நினைத்தது, தண்ணீர் கேனை எடுத்து வராமல் போனோமே என்பதுதான்.

அதற்குப் பிறகு மாத்திரையை அவர் பார்க்கவே இல்லை. நான் தண்ணீரோடு கொண்டுபோய் வைப்பேன். "என்னத்துக்கு? நான் இனி எங்க நடந்து போவணும்?" என்பார். எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மாதம் ஒரு தடவை கால் விழும். லாஞ்சு போய்விடும், இவர் ரூமில் கிடப்பார். கடைசியில் விசா கொடுத்த முதலாளி, கபீலின் மகன் வந்து வாசலில் நின்று காலைப் பார்த்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை. "மாஃபி ஃபாய்தா. விசா முடிஞ்சா கலாஸ், ஊருக்குப் போ" என்றானாம். பிரயோசனம் இல்லை என்றுதான் சொன்னான், உண்மையும் அதுதான். விசா முடியச் சில மாதம்தான் இருந்தது.

அந்த ஞாயிறு அப்பா இதை என்னிடம் சொல்லிவிட்டு, போய்விடலாம், எனக்கும் போதும் என்றார். அவரை ஊரில் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே இருக்க முடியாது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே சொன்னேன்.

"போவோம். நாம ரெண்டு பேரும் பிளேன் ஏறிருவோம். அவன் இங்க கெடப்பான்."

நான் சமையல் முடித்துச் சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்துதான் கேட்டார். "அந்த எகிப்துக்காரர் இன்னும் இருக்காரா?"

இருந்தார். நிறுத்தின இடத்திலிருந்து பழைய அளவில் தொடங்கக் கூடாது, மறுபடியும் கீழேயிருந்துதான் என்று குறைந்த மாத்திரையாகக் கொடுத்தார். வலி வராமல் இருக்கச் சில மாதத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரையும் கூடக் கொடுத்தார். அப்படியும் ஒரு தடவை வீங்கியது. நான் பார்க்கப் போனபோது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, துணியில் ஐஸ் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டையை எறிந்திருப்பார் என்று தேடினேன். கட்டில்மேல் இருந்தது. அன்றைய மாத்திரை எடுத்தாகிவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு, "குழாய் கலங்குது" என்றார். நான் ஐஸ் உருகின துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

பிறகு கால் விழாமல் வேலைக்கு வருவதைப் பார்த்து கபீல் விசாவைப் புதுப்பிக்கச் சம்மதித்தார், அதற்கு உடம்பு பார்க்கிற மெடிக்கல் வந்தது. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சொல் போதும், சோறு இறங்காது. செல்வம் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மெடிக்கல் முடியிற வரைக்கும் எந்த மாத்திரையும் தொடாதீங்க. ரத்தத்துல காட்டிரும். அன்ஃபிட்னு குத்திட்டான்னா அப்பறம் அழுதாலும் வராது" என்று சொல்லியிருக்கிறான். நல்ல மனதோடுதான் சொன்னான். ரூமுக்கு ரூம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போய் மெடிக்கல் வரிசையில் மயங்கி விழுகிறவர்களும் உண்டு. அப்பா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார், நிறுத்தட்டுமா என்று. எனக்கு என்ன தெரியும். முன்பென்றால் உனக்குப் போன் போட்டிருப்பேன். கை போன் வரைக்கும் போயிற்று. பிறகு லில்லியைக் கேட்டேன். இந்த மெடிக்கலில் அவர்கள் தேடுவது நெஞ்சில் இருக்கிற காச நோயும் ரத்தத்தில் தொற்றுகிற நோயும்தான், யூரிக் ஆசிட்டை யாரும் பார்ப்பதில்லை, கவுட் மாத்திரை போட்டால் அன்ஃபிட் இல்லை, நிறுத்தினால்தான் காலை இழுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டிவரும் என்றாள்.

"லில்லி சொல்லுதா சரி. அவன் சொல்லிருந்தா எனக்கு தைரியமா இருக்கும்" என்றார் அப்பா.

"அவன் எப்பமாவது நிறுத்தச் சொன்னானா?"

யோசித்தார். "இல்ல."

"பின்ன?"

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மெடிக்கலுக்கு இரண்டு காலாலும் நடந்து போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஃபிட் என்று வந்தது. விசா இன்னும் இரண்டு வருஷத்துக்கு அடித்தாயிற்று. லாஞ்சுக்கும் போகிறார். இப்போது ரத்தத்தில் ஆறுக்குக் கீழே என்று வந்திருக்கிறது. இத்தோடு முடிந்தது என்று நினைத்து நிறுத்தக் கூடாதாம். எண் நன்றாக இருப்பதே மாத்திரையால்தானாம், தினமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். இதைப் படிக்கிற லாஞ்சுக்காரர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைக்கட்டும். கால் விரல் காரணம் இல்லாமல் வீங்கினால் ஊசியை எடுக்க வேண்டாம். ரத்தம் பாருங்கள்.

போன ஞாயிறு உன்னிடம் வந்தோம். நீ கட்டிலுக்கு அடியில் வைத்த ஷூவை அப்பா போட்டுக்கொண்டார். ஏறியது. பஸ் நின்ற இடத்திலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து உன் இடம் வரைக்கும் வெயிலில் நடந்தார், ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. நான்தான் பின்னால் வந்தேன். உன் தலைமாட்டில் நின்று, "ஆறுக்குக் கீழ வந்துட்டு, லே" என்றார். பிறகு கையில் இருந்த பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார். "காலுல வலி இருக்கா?" என்று கேட்டேன். "காலுல இல்ல" என்றார்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். இந்த விசாதான் கடைசி, அடுத்த முறை வயசு தாண்டிவிடும், கபீல் விசா அடிக்க மாட்டார் என்றார். என்ன மாத்திரை போட்டாலும் வயசு குறையாது. அப்போது நாம் போகத்தான் வேண்டும், அவன் இருப்பான் என்றார். அவசரப்பட்டு இங்கே வைத்துவிட்டோமோ, அவனுக்கு ஊர்தான் பிடித்திருக்குமோ என்று என்னிடம் கேட்டார். நான் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ அல் கூஸுக்கு வந்த புதிதில் எனக்குப் போன் செய்து, அலைச்சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை அம்மா என்று சொன்னாய். பிறகு ஒரு வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனவன், அங்கேயிருந்து போன் செய்து, ஏசி சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை அம்மா என்று சொல்லிச் சிரித்தாய். எது நிஜம் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. போன ஞாயிறு அங்கே நின்றபோது காதைக் கொடுத்துக் கேட்டேன். அலையும் இல்லை, ஏசியும் இல்லை, ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மணலில் உனக்குத் தூக்கம் வருகிறதா, மக்கா?